‘எண்பத்தாறில் கோல் மழை!’: உதைபந்தாட்ட வரலாற்றைப் புள்ளிவிபரத்தால் தேடிப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

திருகோணமலை ஏகாம்பரம் மைதானத்தில் மாலை ஆட்டம் முடிந்து தேத்தண்ணிக் கடைக்குப் போனால், யாராவது ஒரு பெரியவர் இதைச் சொல்லாமல் விடமாட்டார்: “தம்பி, இப்ப ஆடுறதெல்லாம் ஒரு ஆட்டமா? எண்பத்தாறு உலகக் கிண்ணத்தில கோல் மழை! இப்ப எல்லாரும் பந்தைப் பின்னுக்குத் தட்டிக்கொண்டு நிக்கிறாங்கள்.” பக்கத்தில் நிற்கும் பொடியன் விடமாட்டான். “அப்ப பின்வரிசை ஆட்டமே கிடையாது ஐயா, யார் போனாலும் கோல் அடிக்கலாம்” என்பான். இரண்டாவது தேத்தண்ணி வரும்வரை சண்டை நீளும். முடிவு வராது.

நான் ரியூசன் வகுப்பில் கணிதம் படிப்பிப்பவன். சனி, ஞாயிறுகளில் சுற்றுப்போட்டிகளுக்குப் பதிவு மேசையில் இருப்பேன். அந்தச் சண்டையை ஒரு நாள் வீட்டுக்குக் கொண்டுவந்து கணனியில் போட்டுப் பார்த்தேன். அன்றிலிருந்து விடவில்லை. சாதாரண தரக் கணிதமும் எக்செல்லும் தெரிந்த எவரும் இதைச் செய்யலாம். செய்யும் முறையை, நான் தடுக்கி விழுந்த இடங்களையும் சேர்த்து, இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: சண்டையைக் கேள்வியாக மாற்றுங்கள்

‘அந்தக் காலத்து ஆட்டம் நல்லது’ என்பதை எண்ண முடியாது. ‘1986 உலகக் கிண்ணத்தில் ஓர் ஆட்டத்துக்கு விழுந்த கோல், 2022இல் விழுந்ததைவிட அதிகமா?’ என்பதை எண்ணலாம். எதை எண்ணுகிறோம், எதனால் வகுக்கிறோம், எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்ற மூன்றும் கேள்விக்குள்ளேயே இருக்க வேண்டும். இவற்றில் பலரும் மறப்பது நடுவில் உள்ளதை. இந்த வழிகாட்டி முழுக்க நான் திரும்பத் திரும்பக் கேட்கப்போவதும் அதைத்தான்: எத்தனை கோல் என்பது சரி, எத்தனை ஆட்டத்தில்?

கேள்வியை ஒரு கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள். தரவுக்குள் இறங்கியபின் கேள்வியை மாற்ற மனம் வரும். எழுதி வைத்திருந்தால், எதை மாற்றுகிறோம் என்றாவது தெரியும்.

இரண்டாம் படி: தரவை எடுப்பது

தொடங்குவதற்கு நல்ல இடம், தரவுத் தொகுப்புகளைப் பகிரும் கேகிள் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் சர்வதேச ஆட்ட முடிவுகளின் தொகுப்பு. 1872 நவம்பர் 30ஆம் தேதி கிளாஸ்கோவில் ஸ்கொட்லாந்தும் இங்கிலாந்தும் 0–0 என்று முடித்த முதல் சர்வதேச ஆட்டத்திலிருந்து தொடங்கி, 40,000க்கு மேற்பட்ட ஆட்டங்கள் அதில் இருக்கின்றன. ஒரு நிரையில் ஓர் ஆட்டம். திகதி, இரு அணிகள், இரு கோல் எண்ணிக்கைகள், சுற்றுப்போட்டியின் பெயர், நகரம், நாடு, இரு அணிக்கும் பொதுவான மைதானமா இல்லையா என்பவை நிரல்களில் இருக்கும். சிஎஸ்வி கோப்பு என்பதால் எக்செல்லில் நேரே திறக்கும்.

கழகங்களும் உள்நாட்டு லீக்குகளும் வேண்டுமென்றால் ஆர்எஸ்எஸ்எஸ்எஃப் என்ற தன்னார்வலர் அமைப்பின் தளம் இருக்கிறது. 1994இல் தொடங்கியது. நம் தெற்காசிய நாடுகளின் சுற்றுப்போட்டிகள்கூட அதில் உண்டு. பார்வைக்கு வெறும் எழுத்துப் பக்கம்தான், ஆனால் உள்ளே இருப்பது புதையல்.

தமிழில் தேட வேண்டுமா? நூலகம் இணையத்தளத்தில் பழைய பத்திரிகைகளும் பாடசாலை மலர்களும் வருடி ஏற்றப்பட்டிருக்கின்றன. அதைப் பற்றிக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

மூன்றாம் படி: துப்புரவு

இந்தப் படி அலுப்பானது. ஆனால் பிழைகள் பிறப்பதெல்லாம் இங்கேதான். மீனைக் கழுவாமல் சட்டியில் போடுவோமா?

முதலில் பெயர்கள். 1972இல் சிலோன் ஸ்ரீலங்கா ஆனது. மேற்கு ஜேர்மனி 1990க்குப் பிறகு ஜேர்மனிக்குள் போனது. சயர் கொங்கோ ஜனநாயகக் குடியரசு ஆனது. நான் சொன்ன கேகிள் தொகுப்பில் அணியின் பெயர் இன்றைய பெயராகவும், ஆட்டம் நடந்த நாட்டின் பெயர் அன்றைய பெயராகவும் இருக்கும். 1950களில் அக்ராவில் ஆடிய அணி அதில் கானா, நாடு கோல்ட் கோஸ்ட். வேறு இடத்திலிருந்து எடுக்கும் தரவில் வேறு வழக்கம் இருக்கலாம். ஒரே அணி இரண்டு பெயரில் கிடந்தால், அதன் வரலாறு இரண்டு துண்டாகிப் போகும்.

அடுத்தது பெனால்டி உதைகள். ஆட்டம் சமநிலையில் முடிந்தபின் வெற்றியைத் தீர்மானிக்க அடிக்கும் பெனால்டிகள் கோல் கணக்கில் சேராது. நான் முதன்முதலில் கையால் தட்டச்சு செய்தபோது 1994 இறுதிப் போட்டியைப் பிரேசில் 3, இத்தாலி 2 என்று போட்டுவிட்டேன். அது பெனால்டிக் கணக்கு, ஆட்டம் 0–0. ஒரே நிரையில் ஐந்து பொய்க் கோல்கள். கூட்டுத்தொகை 141 வரவேண்டிய இடத்தில் 146 வந்தபோதுதான் கண்டுபிடித்தேன். அதனால் ஒவ்வொரு சுற்றுப்போட்டியின் மொத்தத்தையும் தெரிந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அடுத்த வேலைக்குப் போங்கள்.

மேலதிக நேரம் இன்னும் நுட்பமானது. 2014 இறுதிப் போட்டி 90 நிமிடத்தில் 0–0. ஜேர்மனியின் மரியோ கோட்ஸே 113ஆவது நிமிடத்தில் அடித்தார். பெரும்பாலான தரவில் அது 1–0 என்றே இருக்கும். அதாவது 120 நிமிட ஆட்டமும் 90 நிமிட ஆட்டமும் ஒரே தராசில் நிற்கின்றன. உலகக் கிண்ணத்தில் அப்படிப்பட்ட ஆட்டங்கள் குறைவு என்பதால் சராசரி பெரிதாக அசையாது. ஆனாலும் ஒரு தனி நிரலில் குறித்து வையுங்கள்.

கடைசியாக, வெற்றுக் கலமும் பூச்சியமும் ஒன்றல்ல. ஸ்ரீலங்கா அணியின் 2023ஆம் ஆண்டைப் பார்த்தால் மாதக் கணக்கில் ஆட்டமே இல்லாமல் இருக்கும். ஜனவரியில் ஃபிஃபா தடை போட்டது, ஓகஸ்டில் நீக்கியது. அந்த மாதங்களில் அணி கோல் அடிக்கவில்லை என்று எழுதினால் அது பொய். ஆட்டமே இல்லை.

நான்காம் படி: முதல் கணக்கு

மொத்தக் கோலை ஆட்டங்களின் எண்ணிக்கையால் வகுப்பதுதான் இந்தக் கணக்கு. பாடப்புத்தகத்தில் இடை என்று படித்தோமே, அதுதான். உலகக் கிண்ணங்களில் சிலவற்றைத் தருகிறேன். வரிசை இப்படி: ஆண்டு, ஆட்டங்கள், கோல்கள், ஆட்டத்துக்கு எத்தனை.

1930: 18 ஆட்டம், 70 கோல், 3.89
1938: 18 ஆட்டம், 84 கோல், 4.67
1954: 26 ஆட்டம், 140 கோல், 5.38
1958: 35 ஆட்டம், 126 கோல், 3.60
1962: 32 ஆட்டம், 89 கோல், 2.78
1970: 32 ஆட்டம், 95 கோல், 2.97
1986: 52 ஆட்டம், 132 கோல், 2.54
1990: 52 ஆட்டம், 115 கோல், 2.21
1994: 52 ஆட்டம், 141 கோல், 2.71
2010: 64 ஆட்டம், 145 கோல், 2.27
2022: 64 ஆட்டம், 172 கோல், 2.69

இதை ஒரு வரைபாகப் போட்டுப் பாருங்கள். 1954இல் ஒரு மலை, 1962க்குள் ஒரு பள்ளம், அதன்பிறகு அறுபது ஆண்டுகளாக 2.2க்கும் 3க்கும் இடையில் ஒரு சமவெளி. தேத்தண்ணிக் கடைப் பெரியவர் சொன்ன 1986 அந்தச் சமவெளிக்குள்தான் இருக்கிறது. அதுவும் 2022ஐவிடக் கீழே.

அவர் பொய் சொல்லவில்லை. இலங்கை அரசத் தொலைக்காட்சியான ரூபவாஹினி 1982இல்தான் தொடங்கியது. அதற்குப் பிந்திய உலகக் கிண்ணங்களில் எங்கள் தெருக்களில் டிவி இருந்த வீட்டு முற்றத்தில் ஊரே கூடிப் பார்த்தது. அப்படிப் பார்த்த ஆட்டத்தில் மனதில் தங்கியது, இங்கிலாந்தின் பாதி அணியைத் தாண்டி மரடோனா அடித்த அந்தக் கோல். ஒன்றுமே நடக்காமல் போன ஆட்டங்களை மனம் எடுத்து வைத்திருக்கவில்லை. பட்டியல் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறது. நிஜமான கோல் மழை பெய்த 1954ஐ அவரும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை.

ஐந்தாம் படி: சராசரியைச் சோதிப்பது

1954இன் 5.38ஐப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது. ஒன்றிரண்டு நோஞ்சான் அணிகளைப் போட்டு அடித்ததால் கூடிய எண்ணாக இருக்குமோ? ஹங்கேரி தென் கொரியாவை 9–0 என்றும் மேற்கு ஜேர்மனியை 8–3 என்றும் வென்ற ஆண்டு அது. ஆஸ்திரியா சுவிட்சர்லாந்தை 7–5 என்று வென்றது. இப்படிச் சில ஆட்டங்கள் சராசரியைத் தூக்கிவிடும். அப்போது என்ன செய்வது?

முதல் சோதனை: சந்தேகத்துக்குரிய அணியை எடுத்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். ஹங்கேரி ஆடிய ஐந்து ஆட்டங்களில் இரு பக்கமும் சேர்த்து 37 கோல்கள். அவற்றைக் கழித்தால் மீதி 21 ஆட்டம், 103 கோல். வகுத்தால் 4.90. கொஞ்சம் இறங்கியது, ஆனால் மலை மலைதான்.

இரண்டாவது சோதனை: இடையம், அதாவது வரிசையின் நடுவில் நிற்கும் எண். 26 ஆட்டங்களின் மொத்தக் கோல்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தினேன். இரண்டு ஆட்டங்களில் 1, நான்கில் 2, ஒவ்வொன்றில் 3, 4, ஏழு ஆட்டங்களில் 5, மூன்றில் 6, மூன்றில் 7, ஒன்றில் 8, இரண்டில் 9, பிறகு ஒரு 11, ஒரு 12. நடுவில் நிற்கும் 13ஆவதும் 14ஆவதும் இரண்டும் 5. ஆகவே இடையம் 5. அதிக தடவை வந்த எண்ணான ஆகாரமும் 5. ஆட்டத்துக்கு ஐந்து கோல் என்பது அந்தக் கோடைகாலத்தில் சாதாரண விஷயம்!

கையால் வரிசைப்படுத்தியதில் எனக்கு ஒரு மணி நேரம் போயிருக்கும். எக்செல்லில் மீடியன் என்ற சார்பைப் போட்டால் ஒரு விநாடி. ஆனாலும் ஒரு தடவையாவது கையால் செய்யுங்கள் என்பேன். 0–0 என்று முடிந்த ஆட்டம் அந்தச் சுற்றுப்போட்டியில் ஒன்றுகூட இல்லை என்பது, வரிசையை எழுதும்போதுதான் கண்ணில் பட்டது.

ஆறாம் படி: ஏன் மாறியது என்று கேட்பது

எண் மாறிய இடத்தைக் கண்டுபிடிப்பது எளிது. காரணம் சொல்லும்போதுதான் நிதானம் வேண்டும். சட்டம் மாறிய ஆண்டுகளை ஒரு தனித் தாளில் எழுதி வைத்துக்கொண்டு வரைபோடு பொருத்திப் பாருங்கள். மிகச் சுத்தமான உதாரணம் 1925இன் ஓஃப்சைட் சட்ட மாற்றம். அதற்கு முன், பந்து தட்டப்படும்போது முன்வரிசை வீரருக்கும் கோல் கோட்டுக்கும் இடையில் எதிரணியினர் மூவர் இருக்க வேண்டும். நியூகாசில் அணியின் பில் மக்கிராக்கன் போன்ற பின்வரிசை வீரர்கள் ஓரடி முன்னால் நகர்ந்தே எதிரணியை ஓஃப்சைட்டில் மாட்டிவிடுவார்கள். 1925இல் அந்த மூவர் இருவரானார்கள்.

இங்கிலாந்தின் முதற்பிரிவில் 1924–25 பருவத்தில் 1,192 கோல். அடுத்த பருவத்தில் 1,703. இரண்டு பருவத்திலும் 22 கழகங்கள், அதே 462 ஆட்டங்கள். ஆகவே 2.58 இலிருந்து 3.69. இதில் எனக்குப் பிடித்தது, ஆட்டங்களின் எண்ணிக்கை அப்படியே இருப்பது. அதே லீக், பெரும்பாலும் அதே கழகங்கள், இடையில் ஒரேயொரு பெரிய மாற்றம். வரலாறு தானாகவே ஒரு பரிசோதனை செய்து தந்திருக்கிறது. எவர்ட்டன் வீரர் டிக்ஸி டீன் 1927–28இல் லீக்கில் மட்டும் 60 கோல் அடித்ததை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

இப்போது 1990, 1994 இரண்டையும் பாருங்கள். 2.21 இலிருந்து 2.71. இடையில் 1992இல், சொந்த அணி வீரர் காலால் தட்டித் தரும் பந்தைக் கோல் காப்பாளர் கையால் எடுக்கக் கூடாது என்ற சட்டம் வந்தது. ‘பார்த்தீர்களா, அதுதான் காரணம்!’ என்று சொல்லத் தோன்றும். ஆனால் 1994இல் வெற்றிக்கு இரண்டு புள்ளிக்குப் பதிலாக மூன்று புள்ளி தரும் முறையும் உலகக் கிண்ணத்துக்கு வந்தது. இரண்டு மாற்றங்கள் சேர்ந்து வந்தால் எது எவ்வளவு செய்தது என்று இந்த இரண்டு எண்களை வைத்துப் பிரிக்க முடியாது. போதாததற்கு, இரண்டு சட்டங்களும் அப்படியே இருக்க, 2010இல் எண் திரும்பவும் 2.27க்கு இறங்கியது. 1925க்கு ‘சட்டம்தான் காரணம்’ என்று துணிந்து சொல்வேன். 1994க்குச் சொல்லமாட்டேன்.

ஏழாம் படி: தற்செயலுக்கு இடம் விடுவது

இதை நிறையப் பேர் தாண்டிப் போகிறார்கள். எனக்கு இதுதான் மிகவும் பிடித்த படி.

2014 உலகக் கிண்ணத்தில் கோலே இல்லாமல் முடிந்த ஆட்டங்கள் 7. 2018இல் ஒன்றே ஒன்று, டென்மார்க்கும் பிரான்சும் ஆடியது. 2022இல் மறுபடி 7. இதைப் பார்த்துவிட்டு 2018இல் எல்லா அணிகளும் தாக்கி ஆடின, 2022இல் பயந்து ஆடின என்று ஒரு கட்டுரையே எழுதலாம். எழுதுவதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள்.

உயர்தரத்தில் படித்தவர்களுக்குப் புவாசோன் பரம்பல் ஞாபகம் இருக்கும். சராசரி மட்டும் தெரிந்திருக்க, ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் நடக்கும் அரிதான நிகழ்ச்சிகள் ஒரு தடவையில் எத்தனை நடக்கும் என்பதன் நிகழ்தகவை அது தரும். கோல் விழுவதும் ஏறத்தாழ அப்படித்தான். பூச்சியக் கோலுக்கான நிகழ்தகவுக்கு எக்செல்லில் எக்ஸ்ப் என்ற சார்புக்குள் சராசரியை மறைக்குறியோடு போட்டால் போதும். மூன்று உலகக் கிண்ணங்களும் சேர்த்து 192 ஆட்டம், 512 கோல், சராசரி 2.67. விடை 0.069. அதாவது நூறு ஆட்டத்தில் ஏழு. 64 ஆட்டமுள்ள ஒரு சுற்றுப்போட்டியில் நான்கு அல்லது ஐந்து கோலில்லா ஆட்டங்கள் வரலாம்.

வந்தது 7, 1, 7. மூன்றையும் கூட்டினால் 15. கணக்கு எதிர்பார்ப்பது 13. மொத்தத்தில் கிட்டத்தட்ட சரியாகவே இருக்கிறது. ஒவ்வொரு ஆண்டையும் தனித்தனியாகப் பார்த்தபோது தெரிந்த ‘போக்கு’, நாணயத்தைச் சுண்டும்போது தலை தொடர்ந்து வருகிற மாதிரியானதுதான். 2014, 2018, 2022 மூன்றிலும் சராசரி 2.67, 2.64, 2.69 என்று அசையாமல் நின்றதே, அதைப் பார்த்திருந்தால் அப்போதே சந்தேகம் வந்திருக்கும்.

வகுப்பில் இதை நான் சொல்லிக்கொடுக்கும்போது பிள்ளைகளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம் வரும். கதை ஒன்று கைநழுவிப் போகிறதே. ஆனால் 1954ஐயும் 1925ஐயும் இதே சோதனையில் போட்டால் அவை அசையாமல் நிற்கின்றன. எது நிஜமான கதை என்று தெரிந்துகொள்ளவே இந்தச் சோதனை.

எட்டாம் படி: வீரர்களை ஒப்பிடுவது

உலகக் கிண்ணத்தில் 2022 வரை அதிக கோல் அடித்தவர் ஜேர்மனியின் மிரோஸ்லாவ் க்ளோஸே, 16. ஆனால் 24 ஆட்டங்களில். கெர்ட் முல்லர் 13 ஆட்டத்தில் 14. பிரான்சின் ஜூஸ்ட் ஃபொன்டெய்ன் 1958இல் ஒரே சுற்றுப்போட்டியில், 6 ஆட்டத்தில் 13. வகுத்ததும் வரிசை தலைகீழாகிறது.

அதோடு நிற்காதீர்கள். கோல் மலிந்த ஆண்டில் அடித்த கோலும் கோல் வரண்ட ஆண்டில் அடித்த கோலும் ஒரே விலையா? தேங்காய் விலையை அந்தந்த ஆண்டுச் சம்பளத்தோடு ஒப்பிடுவதுபோல, வீரரின் கோல் வீதத்தை அந்தச் சுற்றுப்போட்டியில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சராசரியாக அடித்த கோலால் வகுங்கள். அணிச் சராசரி என்பது ஆட்டச் சராசரியில் பாதி.

ஃபொன்டெய்ன் 1958: 2.17 ÷ 1.80 = 1.20. முல்லர் 1970: 6 ஆட்டத்தில் 10 கோல், விடை 1.12. யூசேபியோ 1966: 6 ஆட்டத்தில் 9, விடை 1.08. பிரேசிலின் ரொனால்டோ 2002: 7 ஆட்டத்தில் 8, விடை 0.91. எம்பாப்பே 2022: அதே 7 ஆட்டத்தில் 8, விடை 0.85. ஹங்கேரியின் சாண்டோர் கோச்சிஷ் 1954: 5 ஆட்டத்தில் 11, விடை 0.82.

கோச்சிஷைப் பாருங்கள். ஆட்டத்துக்கு 2.2 கோல், இந்தப் பட்டியலில் எல்லாரையும்விட அதிகம். ஆனால் ஓர் அணி சராசரியாக 2.69 அடித்த ஆண்டு அது. அதனால் அவர் கடைசிக்கு வந்துவிட்டார்.

இது நியாயமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அவர் அடித்த 11 கோலும் அந்த 140க்குள்ளேயே இருக்கின்றனவே. தன்னுடைய கோல்களாலேயே தன்னுடைய மதிப்பு குறைவது சரியில்லை. ஆகவே ஒவ்வொருவரின் கோலையும் மொத்தத்திலிருந்து கழித்துவிட்டு மறுபடி வகுத்தேன். கோச்சிஷ் 0.89, எம்பாப்பே 0.89. அறுபத்தெட்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு பேர் தோளோடு தோள் நிற்கிறார்கள். ஃபொன்டெய்ன் 1.34க்குப் போய்விட்டார். எந்த முறையில் வகுத்தீர்கள் என்பதை விடையோடு சேர்த்து எழுத வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இன்னொன்று: 1970க்கு முன் உலகக் கிண்ணத்தில் மாற்று வீரர் கிடையாது. அன்று ஓர் ஆட்டம் என்றால் முழு ஆட்டம். இன்று கடைசிப் பத்து நிமிடம் இறங்கினாலும் ஓர் ஆட்டம்தான். நிமிடக் கணக்கு கிடைத்தால் 90 நிமிடத்துக்கு எத்தனை என்று போடுங்கள்.

ஒரு பெரிய பொறி

உதைபந்தாட்டத்தில் புள்ளிவிபரம் எடுப்பதை ஒரு தவமாகச் செய்தவர் சார்ள்ஸ் ரீப். பிரித்தானிய விமானப்படைக் கணக்கு அதிகாரி. 1950 மார்ச் 18ஆம் தேதி ஸ்விண்டன் அணியின் ஆட்டம் ஒன்றில், ஒவ்வொரு பாஸையும் கொப்பியில் குறிக்கத் தொடங்கினார். பல பத்தாண்டுகள் அதை விடவில்லை. பெர்னார்ட் பெஞ்சமினோடு சேர்ந்து 1968இல் வெளியிட்ட ஆய்வு பிரபலம். பத்தில் எட்டுக் கோல் மூன்று பாஸுக்குள் வருகிறது என்று அவர் கண்டார். அதிலிருந்து, பந்தை நீளமாக அடித்து விரைவாகக் கோலுக்குப் போவதே சிறந்தது என்ற கொள்கை பரவியது.

எங்கே பிழை? திருக்கடலூர்க் கரைக்கு வாருங்கள். பத்து வள்ளம் கடலுக்குப் போகிறது. ஒன்பது சின்ன வள்ளம், ஒன்று பெரியது. கரைக்கு வந்த பத்துக் கூடை மீனில் எட்டு, சின்ன வள்ளங்களிலிருந்து வந்தது. சின்ன வள்ளமே நல்லது என்பீர்களா? ஒன்பது வள்ளம் சேர்ந்து எட்டுக் கூடை. பெரியது தனியாக இரண்டு கூடை. ரீப்பின் கணக்கிலும் மூன்று பாஸுக்குள் முடிந்த முயற்சிகள் மொத்தத்தில் பத்துக்கு ஒன்பதுக்கும் சற்று மேல். அவ்வளவு முயற்சிக்கு எட்டுக் கோல்தான் வந்தது. மிச்சமிருந்த சொற்ப நீளத் தொடர்கள் இரண்டைத் தந்தன. அவரது தரவே அவரது முடிவுக்கு எதிராகப் பேசியது. உழைப்புக்கு நான் தலைவணங்குகிறேன், அவர் எடுத்தது வீண் போகவில்லை. வகுக்க மறந்தது மட்டும்தான் குறை.

அணிகளின் பலத்தை ஆண்டுக்கு ஆண்டு தொடர விரும்பினால் ஈலோ தரவரிசையைக் கற்றுக்கொள்ளுங்கள். சதுரங்கத்துக்காக அர்பாட் ஈலோ உருவாக்கியது. 2018 முதல் ஃபிஃபாவும் அதையொட்டிய முறையைத்தான் பயன்படுத்துகிறது. ஈலோவின் மூல முறையில் இரு அணிகளின் புள்ளி இடைவெளி 200 என்றால், பலமான அணிக்கு எதிர்பார்க்கும் பங்கு 0.76. எதிர்பார்த்ததைவிடக் கூட எடுத்தால் புள்ளி ஏறும், குறைந்தால் இறங்கும். எக்செல்லில் ஒரு மாலையில் கட்டிவிடலாம்.

கடைசிப் படி: எங்கள் ஊர்

உலகக் கிண்ணத்தின் எண்கள் எங்கேயும் போய்விடாது. எங்களுடையவை போய்க்கொண்டிருக்கின்றன. போரிலும் 2004 சுனாமியிலும் எத்தனை கொப்பிகள், எத்தனை கேடயங்கள், எத்தனை குழுப் படங்கள் போயின! மிஞ்சியிருப்பவை கழக அறை அலுமாரிகளிலும் பழைய வீரர்களின் பெட்டிகளிலும் கிடக்கின்றன. அவை இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும் என்பதே இதை நான் எழுத உட்கார்ந்ததற்கு முதற்காரணம்.

கேடயங்களிலிருந்து தொடங்குங்கள். ஆண்டும் சுற்றுப்போட்டியின் பெயரும் செதுக்கியிருக்கும். அதை ஃபோனில் படம் எடுங்கள். பிறகு சுற்றுப்போட்டி நோட்டீஸ்கள், பாடசாலை மலர்கள். பிறகு வீரகேசரி, தினகரன் விளையாட்டுப் பக்கங்கள். கிண்ணியா, மூதூர்ப் பக்கமும் போங்கள். ஒரு கழகத்தின் பதிவு மட்டும் இருந்தால், அது வென்ற ஆட்டங்கள்தான் கிடைக்கும். தோற்றது எதிரணியின் அலுமாரியில் இருக்கும்.

நிரல்கள் இவை: திகதி, சுற்றுப்போட்டி, மைதானம், அணி 1, அணி 2, கோல் 1, கோல் 2, எந்தச் சுற்று, எத்தனை நிமிடம், ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர், இந்தத் தகவல் எங்கிருந்து வந்தது. கடைசி நான்கையும் எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள். எங்கள் ஊர் ஆட்டம் எல்லாம் 90 நிமிடமில்லை. இருபது இருபது நிமிட ஆட்டத்தில் 2 கோல் விழுந்தால், 90 நிமிடத்துக்கு அது 4.5. எழுவர் ஆட்டமென்றால் அதைப் பதினொருவர் ஆட்டத்தோடு சேர்க்கவே கூடாது. பத்திரிகையில் வந்தது பெரும்பாலும் இறுதி ஆட்டம் மட்டும்தான் என்பதால், பழைய காலத்துக்கு இறுதி ஆட்டங்களும் இன்றைக்கு எல்லா ஆட்டங்களும் என்று ஒப்பிட்டால் கணக்கு கோணலாகும். அதற்குத்தான் ‘எந்தச் சுற்று’ என்ற நிரல்.

வாய்மொழியாக வருவதையும் எழுதுங்கள், மூலம் ‘நினைவு’ என்று குறித்துவிட்டு. இரண்டு பேர் தனித்தனியாக ஒரே கணக்கைச் சொன்னால் இன்னொரு குறி.

போன மாதம் அந்தத் தேத்தண்ணிக் கடைப் பெரியவரிடம் 1986இன் 2.54ஐக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை நெடுநேரம் பார்த்தார். “சரி தம்பி, இது அவங்கட கணக்கு. எங்கட கணக்கு என்னட்ட இருக்கு” என்றார். மறுநாள் ஒரு பிளாஸ்டிக் பையில் நீல மட்டைக் கொப்பி ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். அவர் ஆடிய காலத்து ஆட்டங்கள், பென்சிலில். சில பக்கங்களில் நீர்க்கறை. கோல் அடித்தவர் பெயருக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன நட்சத்திரங்கள்.

இதுவரை 31 ஆட்டங்களைக் கணனியில் ஏற்றியிருக்கிறேன். நீர்க்கறை பட்ட பக்கங்களை அவரோடு உட்கார்ந்து வாசிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை வரச் சொல்லியிருக்கிறார்.